பயணக் கேள்வி–பதில்: நிட்மிலுக் மலையிடுக்குக்கு மூன்று இரவுகள் கொடுங்கள்

மதுரையில் பல ஆண்டுகள் பள்ளியில் புவியியல் நடத்திய ஆசிரியை, வாசகர்களின் பயணக் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார். ஆஸ்திரேலியாவின் நிட்மிலுக் மலையிடுக்குப் படகுப் பயணத்தைப் பற்றிச் சென்ற இதழில் அவர் எழுதியிருந்தார். அதையொட்டி வந்த கேள்விகள் இவை.

என் மகன் டார்வினில் வேலை பார்க்கிறான். ஜூன் மாதம் என்னையும் மனைவியையும் அழைத்திருக்கிறான். கேரவன் வண்டியை வாடகைக்கு எடுத்து டார்வின், கேத்தரின், மட்டராங்கா, ஆலிஸ் ஸ்பிரிங்ஸ், உளுரு என்று எட்டு நாளில் போய்த் திரும்புவதாகத் திட்டம். கேத்தரினில் ஓர் இரவு தங்கல், மறுநாள் படகு, உடனே கிளம்ப வேண்டும். மனைவிக்கு மூட்டுவலி வேறு. ஒரு படகுச் சவாரிக்காக அங்கே வண்டியை நிறுத்துவது தகுமா?
— வாசகர், திருநகர்

அந்தப் படகுக்காக மட்டுமே கூட டார்வினிலிருந்து கிளம்பலாம், ஐயா. உங்கள் திட்டத்தில் எனக்கு ஒவ்வாதது அந்த ஒற்றை இரவுதான்.

முதலில் கணக்கைப் பாருங்கள். டார்வினிலிருந்து கேத்தரின் ஏறத்தாழ 320 கிலோமீட்டர். அங்கிருந்து ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் சுமார் 1,180. அதற்கப்பால் உளுருவுக்கு இன்னும் 450. போக மட்டும் 1,950 கிலோமீட்டர் ஆகிவிட்டது. திரும்பி வருவதையும் சேர்த்து எட்டு நாளில் முடிக்க வேண்டுமானால், ஒருநாள் விடாமல் மதுரையிலிருந்து சென்னைக்குப் போகும் தூரத்துக்கு மேல் மகன் வண்டி ஓட்ட வேண்டும். அம்மாவும் அப்பாவும் ஜன்னல் வழியே செம்மண்ணையும் யூகலிப்டஸ் மரங்களையும் பார்த்துக்கொண்டே தூங்கிவிடுவீர்கள். இவ்வளவு செலவு செய்து பெற்றோரை அழைக்கும் பிள்ளை, கடைசியில் உங்களோடு பேசக்கூட நேரமில்லாமல் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருப்பான். உளுரு என்ற அந்தப் பெரும்பாறையை இந்த முறை விட்டுவிடுங்கள். பின்னொரு நாள் விமானத்தில் போய்ப் பார்க்கலாம்.

காலை உணவு முடித்து டார்வினிலிருந்து கிளம்புங்கள். பைன் கிரீக்கில் மதியச் சாப்பாடு. நான்கு மணிக்குள் கேத்தரினைத் தாண்டி, ஊரிலிருந்து 30 கிலோமீட்டரில் இருக்கும் நிட்மிலுக் தேசியப் பூங்காவுக்குள்ளேயே வண்டியை நிறுத்திவிடுங்கள். மின் இணைப்போடு கேரவன் நிறுத்தும் இடங்கள் அங்கே உண்டு. மூன்று இரவுகள் அங்கேயே இருங்கள். நான்காம் நாள் கேத்தரினிலிருந்து நூறு கிலோமீட்டர் தெற்கே மட்டராங்காவின் வெந்நீர் ஊற்றில் காலை நனைக்கலாம், உங்கள் மனைவியின் மூட்டுக்கும் இதமாக இருக்கும். திரும்பும் வழியில் லெலின் அருவி. அத்தோடு டார்வின். இந்தத் திட்டத்தில் எல்லாரும் சிரித்த முகத்தோடு வீடு சேர்வீர்கள்.

நீங்கள் போகும் ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையில் நம் ஊரைப் போலவே இடப்பக்கம்தான் ஓட்டவேண்டும், அதில் சிரமமில்லை. 'ரோடு டிரெயின்' என்ற சரக்கு வண்டிகளை மட்டும் மதித்து நடக்க வேண்டும். மூன்று டிரெய்லர்களை இழுத்துக்கொண்டு 53 மீட்டர் நீளம் வரை வரும். அதை முந்தும் அவசரம் கேரவன்காரருக்கு வேண்டவே வேண்டாம். பொழுது சாய்ந்த பிறகு ஓட்டாதீர்கள். வேலியில்லாத மேய்ச்சல் நிலங்களிலிருந்து மாடுகளும், புதர்களிலிருந்து கங்காருகளும் சாலைக்கு வந்துவிடும். இரவில் ஊருக்கு வெளியே ஓட்டினால் காப்பீடு செல்லாது என்ற நிபந்தனை சில வாடகை ஒப்பந்தங்களில் உண்டு. கையெழுத்துப் போடுமுன் மகனைப் படிக்கச் சொல்லுங்கள்.

இனி படகு. கேத்தரின் ஆறு மணற்பாறையை அறுத்துக்கொண்டு வரும் வழியில் 13 மலையிடுக்குகள் அடுத்தடுத்து அமைந்திருக்கின்றன. மழைக்காலத்தில் எல்லாம் ஒரே வெள்ளமாக ஓடும். மே முதல் அக்டோபர் வரையிலான வறண்ட பருவத்தில் நீர் இறங்கி, ஓர் இடுக்குக்கும் அடுத்ததற்கும் நடுவே பாறைத் திட்டுகள் வெளியே தெரியும். அதனால் முதல் இடுக்கை ஒரு படகில் கடந்து, இறங்கி, பாறைகளின் மேல் சற்று நடந்து, இரண்டாம் இடுக்குக்கு வேறு படகில் ஏற வேண்டும். மொத்தம் இரண்டு மணி நேரம் ஆகும். உங்கள் மனைவிக்குச் சிரமம் தரக்கூடியது அந்த நடை ஒன்றுதான். தூரம் ஒரு கிலோமீட்டர்கூட இல்லை, ஆனால் கல் மேடு பள்ளமாக இருக்கும். என் அக்காவுக்கும் முட்டித் தேய்மானம் உண்டு. கைத்தடியும் ரப்பர் அடி போட்ட செருப்புமாக, நிதானமாக நடந்துவிட்டார். படகோட்டி முன்னே நின்று கை கொடுத்தார். பதிவு செய்யும்போதே மூட்டுவலியைச் சொல்லிவிடுங்கள், உங்களுக்கு ஏற்ற படகைச் சொல்வார்கள். நடக்கும் வழியில் பாறைச் சுவரில் பழங்குடியினர் தீட்டிய பழைய ஓவியங்கள் இருக்கின்றன. இருபது படி ஏறவேண்டும் என்றாலும் அவற்றைப் பார்க்காமல் திரும்பக் கூடாது.

காலையில் புறப்படும் முதல் படகையே எடுங்கள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். காலை வெயில் ஒரு பக்கச் சுவரில் மட்டும் விழும். அந்தப் பக்கம் பழுத்த மஞ்சள், எதிர்ப்பக்கம் இன்னும் நீலம் கலந்த நிழல். மழைநீர் வழிந்த இடமெல்லாம் கறுப்புக் கோடுகள். இரண்டாம் இடுக்கின் நடுவில் படகோட்டி மோட்டாரை நிறுத்தினார். யாரும் பேசவில்லை. தலைக்கு மேல் பாறை நீட்டிக்கொண்டிருந்த இடத்தில் தகைவிலான் குருவிகள் மண்ணுருண்டைகளை ஒட்டிக் கட்டிய கூடுகள் வரிசையாக இருந்தன. அவற்றுக்கும் மேலே, நாங்கள் அண்ணாந்து பார்க்கும் உயரத்தில், ஒரு வெடிப்பில் மரக்கட்டை ஒன்று குறுக்காகச் செருகி நின்றது. அதை அங்கே கொண்டுபோய் வைத்தது ஆறு. மழைக்காலத்தில் நீர் அவ்வளவு உயரம் ஏறுகிறது. 1998 ஜனவரியில் இதே ஆறு பெருகி வந்து கேத்தரின் ஊரையே மூழ்கடித்தது. அந்தக் கட்டையைப் பார்த்த பிறகு ஆற்றின் பலத்தை யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

மாணவர்களிடம் வழக்கமாகச் சொல்வதை உங்களிடமும் சொல்கிறேன். அந்த இடத்துக்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். ஜாவோய்ன் என்ற பழங்குடி மக்கள் நீண்ட சட்டப் போராட்டம் நடத்தி, 1989 செப்டம்பரில் தங்கள் நிலத்தைத் திரும்பப் பெற்றார்கள். அதைத் தேசியப் பூங்காவாகவே தொடர 99 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்து, அரசோடு சேர்ந்து அவர்களே நிர்வகிக்கிறார்கள். படகுகளை நடத்தும் நிறுவனமும் அவர்களுடையதுதான். நீங்கள் கொடுக்கும் கட்டணம் அந்த மண்ணின் மக்களுக்குப் போகிறது என்பது எனக்கு மிகுந்த நிறைவைத் தந்தது. படகில் அவர்கள் கதை சொல்லும்போது செல்போனைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள். ஓவியங்களைக் கையால் தொடாதீர்கள்.

இன்னொன்று. 2023 முதல், டார்வினும் கேத்தரினும் இருக்கும் நார்தர்ன் டெரிட்டரி பகுதியின் பெரும்பாலான பூங்காக்களுக்குள் போக வெளியூர்க்காரர்கள் 'பார்க் பாஸ்' வாங்க வேண்டும். அங்கேயே குடியிருக்கும் மகனுக்கு அது தேவையில்லை, உங்கள் இருவருக்கும் தேவை. பிள்ளைகள் தங்களுக்கு வேண்டாததை மறந்துவிடுவார்கள், நீங்கள் நினைவுபடுத்துங்கள். ஜூன் என்றால் விடியற்காலையில் குளிரும். ஸ்வெட்டரும் காதுக்கு மப்ளரும் எடுத்துக்கொள்ளுங்கள். பத்து மணிக்கு மேல் நம் தை மாத வெயில் அளவுக்கு இருக்கும்.

அந்த ஆற்றில் முதலைகள் இருப்பதாகவும், அதே ஆற்றில் மக்கள் நீந்துவதாகவும் எழுதியிருந்தீர்கள். இரண்டும் எப்படி ஒத்துவரும்?
— வாசகர், உசிலம்பட்டி

நல்ல கேள்வி, தம்பி. அங்கே இரண்டு வகை முதலைகள் உண்டு. நன்னீர் முதலைக்கு ஒடுங்கிய நீண்ட மூக்கு. மீனும் சிறு பிராணிகளும்தான் உணவு. சீண்டாதவரை அது மனிதரை நாடி வருவதில்லை. உவர்நீர் முதலை வேறு ரகம். ஐந்து மீட்டருக்கு மேல் வளரும், ஆளைக் கொல்லும். மழைக்காலத்தில் நீர் பெருகும்போது அது கடற்பக்கமிருந்து ஆற்றில் ஏறி வரக்கூடும். வறண்ட பருவம் தொடங்கியதும் பூங்கா அலுவலர்கள் கூண்டு வைத்து, இரவில் விளக்கடித்துத் தேடி, ஆற்றைச் சோதித்த பிறகுதான் துடுப்புப் படகுகளையும் நீச்சலையும் அனுமதிக்கிறார்கள்.

ஆகையால் விதி எளிது. 'இங்கே நீந்தலாம்' என்று அன்றைக்கு அறிவிப்பு இருக்கும் இடத்தில் மட்டும் இறங்குங்கள். நேற்று ஒருவர் நீந்திய வீடியோவைப் பார்த்தேன் என்பதெல்லாம் சாட்சியாகாது. ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் நன்னீர் முதலைகள் மணல் திட்டுகளில் குழி தோண்டி முட்டையிடும். படகிலிருந்து பார்க்கையில் ஆளில்லாத அழகான மணற்கரையும், அதில் 'உள்ளே வராதீர்கள்' என்ற பலகையும் தெரியும். அந்தக் கரை முட்டைகளுக்கானது. நம் ஊர்ப் பிள்ளைகள் படம் எடுக்க அங்கே இறங்கினார்கள் என்ற பேச்சு வரவே கூடாது.

நான் ஒத்தக்கடையில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறேன். எங்கள் வீட்டு மாடியிலிருந்து யானைமலை தெரியும். யானைமலை ஒரே பாறையாக நிற்கிறது. நிட்மிலுக் படங்களில் பாறை கட்டம் கட்டமாக வெடித்திருக்கிறது. ஏன்?
— வாசகி, ஒத்தக்கடை

மகளே, இந்த வாரம் வந்த கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது உன்னுடையதுதான். மாடியில் நின்று ஒரு மலையைப் பார்த்து, வேறொரு கண்டத்துப் பாறையோடு ஒப்பிட்டிருக்கிறாய். புவியியல் தொடங்குவது அங்கேதான்.

நம் பக்கத்து மலைகள் பூமியின் ஆழத்தில் பெரும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் படிகமாக இறுகிய பாறைகள். மேலே இருந்த மண்ணும் கல்லும் கரைந்து போன பிறகு வெளியே தெரிகின்றன. வெடிப்பு குறைவு. அதனால் மழையும் வெயிலும் மேற்பரப்பைத் தோல் உரிப்பதுபோல உரித்து வழவழப்பாக்கி விடுகின்றன. நிட்மிலுக் பாறையோ மணற்பாறை. 160 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய மணல், அடுக்கடுக்காகப் படிந்து இறுகியது. பிற்பாடு நிலம் அசைந்தபோது அது நேர்கோடுகளில் வெடித்தது. ஒரு வரிசை வெடிப்புகளை இன்னொரு வரிசை குறுக்கே வெட்டியது. ஆற்றுக்குப் பாறையை உடைக்கத் தெம்பிருந்தாலும், அது எப்போதும் பலவீனமான இடத்தைத்தான் தேடும். வெடிப்புகளைப் பிடித்துக்கொண்டு அறுத்தது. மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஆவணி மூல வீதியில் நேரே நடந்து போனால் மூலையில் சட்டென்று திரும்ப வேண்டியிருக்கிறதல்லவா? அந்த ஆறும் அப்படித்தான் நேராகப் போய், திடீரென்று செங்கோணத்தில் திரும்புகிறது. படகில் போகும்போது எதிரே சுவர் அடைத்துக்கொண்டு வழியே இல்லை என்று தோன்றும். கிட்டப் போனால் பக்கவாட்டில் திறக்கும்.

உன் ஆசிரியரிடம் சொல்லி, வகுப்பையே யானைமலை அடிவாரத்துக்குக் கூட்டிப் போகச் சொல். ஒரு கல்லைக் கையில் எடுத்து, அதில் மின்னும் துகள்களைப் பார். பிறகு வைகைக் கரையில் ஒரு பிடி மணலை எடுத்து, அதிலும் அதே துகள்கள் இருக்கின்றனவா என்று பார்த்து எனக்கு எழுது.

கேரவனில் நாமே சமைக்கலாமா? இட்லி, தோசை முடியுமா? ஊரிலிருந்து என்னென்ன கொண்டு போகலாம்?
— வாசகி, மேலூர்

சமைக்கலாம். கேஸ் அடுப்பு, சிறிய ஃபிரிட்ஜ், பாத்திரம் கழுவும் தொட்டி எல்லாம் இருக்கும். வண்டிக்குள் காய்ந்த மிளகாய் தாளிக்காதீர்கள். கடுகு வெடித்து முடிப்பதற்குள் புகை எச்சரிக்கை மணி அலறும். வண்டியின் பக்கவாட்டில் விரியும் பந்தலுக்குக் கீழே, வெளி அடுப்பில் தாளியுங்கள். இட்லி மாவை உயரமான தூக்கில் பாதி அளவுக்கு மட்டும் ஊற்றி, மூடியை இறுக்கி, தொட்டிக்குள் நிறுத்தி வைத்துப் பயணம் செய்ய வேண்டும். அந்த வெப்பத்துக்கு மாவு நன்றாகவே பொங்கும், வண்டி குலுங்கும்போது மீதிப் பாதியும் நிரம்பும். கிளம்புமுன் கேஸை மூடி, அலமாரிக் கதவுகளின் கொக்கிகளைப் போட்டீர்களா என்று ஒருவர் பார்த்தே ஆகவேண்டும்.

ஊரிலிருந்து கொண்டு போவதைப் பொறுத்தவரை, ஆஸ்திரேலியாவில் விமானம் இறங்குமுன் ஒரு படிவம் தருவார்கள். உணவு எது வைத்திருந்தாலும், பருப்புப் பொடி பொட்டலமாக இருந்தாலும், 'ஆம்' என்று குறித்துவிடுங்கள். காட்டினால் பார்த்துவிட்டுக் கொடுப்பார்கள் அல்லது எடுத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். மறைத்தால் அபராதம் பெரிது. பச்சைக் கறிவேப்பிலை, பழம், விதை, நெய், பால்கோவா, இறைச்சி கலந்த ஊறுகாய் எதையும் பெட்டியில் வைக்காதீர்கள். அரிசி, பருப்பு, மசாலா எல்லாம் டார்வினில் இந்தியக் கடைகளில் கிடைக்கின்றன.

சாயங்காலம் முகாமில் வாலபி என்னும் சிறு கங்காருகள் பந்தலுக்கு அருகிலேயே மேயவரும். பாவமாகப் பார்க்கும். இட்லியைக் கொடுத்துவிடாதீர்கள். மனித உணவு அவற்றின் உடம்புக்குக் கேடு.

ஆஸ்திரேலியாவெல்லாம் எங்களுக்குக் கட்டுப்படியாகாது. மதுரையிலிருந்து ஒரே நாளில் போய்வரும்படி, பாறையும் நீரும் படகுமாக ஓர் இடம் சொல்லுங்கள்.
— வாசகர், சோழவந்தான்

தேக்கடி. ஆரப்பாளையத்திலிருந்து குமுளி பஸ். உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி, கம்பம் வழியாக சுமார் 140 கிலோமீட்டர். ஒரே நாளில் முடியும் என்றாலும், முதல்நாள் மாலையே குமுளி போய்த் தங்கிவிட்டு, காலை ஏழரை மணிப் படகில் ஏறுங்கள் என்பதுதான் என் ஆசை. அந்த நேரத்தில் ஏரியின் மேல் பனிமூட்டம் இருக்கும், யானையும் காட்டெருமையும் கரைக்கு வர வாய்ப்பு அதிகம். விலங்கு ஒன்றும் வராவிட்டாலும் குறையில்லை. 1895ஆம் ஆண்டு அணை கட்டி முடிந்து நீர் தேங்கியபோது மூழ்கிய காட்டு மரங்களின் அடிமரங்கள் இன்றைக்கும் ஏரிக்குள் கறுத்து நிற்கின்றன. ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு நீர்க்காகம் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருக்கும்.

சோழவந்தான்காரர் நீங்கள், உங்களுக்கு இது வெறும் சுற்றுலா இடமல்ல. மேற்கே அரபிக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்த பெரியாற்றை மறித்து, மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே திருப்பினார் பென்னிகுவிக். அந்த நீர்தான் வைகையில் சேர்ந்து, பேரணை வழியாக உங்கள் ஊர் வயலுக்கும் மேலூருக்கும் வருகிறது. திரும்பும்போது லோயர் கேம்ப்பில் இறங்கி அவருடைய மணிமண்டபத்தைப் பாருங்கள். குழந்தைகளை அழைத்துப் போனால், ஏரியில் பார்த்த நீர் மலைக்கு அந்தப்பக்கம் இறங்குவதையும் காட்டுங்கள்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். 2009 செப்டம்பர் 30 அன்று அதே ஏரியில் ஒரு படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். விலங்கு தெரிகிறது என்று யாராவது கூவினால் எல்லாரும் ஒரே பக்கம் எழுந்து ஓடாதீர்கள். லைஃப் ஜாக்கெட்டைப் படகு நகர்ந்ததும் கழற்றி மடியில் வைக்கும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. புழுக்கமாகத்தான் இருக்கும், போட்டுக்கொண்டே இருங்கள்.

பாறைச் சுவர்களுக்கு நடுவே போகவேண்டும் என்ற ஆசை இருந்தால் ஒகேனக்கல். இரண்டு நாளாவது வேண்டும். சேலம், தருமபுரி போய், அங்கிருந்து 46 கிலோமீட்டர். பரிசலில் உட்கார்ந்தால் நீரும் நீங்களும் ஒரே மட்டம். கை எட்டும் தூரத்தில் பாறை. காவிரியில் வெள்ளம் வந்தால் மாவட்ட நிர்வாகம் பரிசலைத் தடை செய்துவிடும். கர்நாடக அணைகள் திறந்த செய்தியைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். தடை இருக்கும்போது 'நான் கூட்டிப் போகிறேன்' என்று யாராவது தனியாக அழைத்தால் போகாதீர்கள்.

கேட்கக் கூச்சமாக இருக்கிறது. கேரவனில் கழிவறை எப்படி? அதைச் சுத்தம் செய்வது யார்?
— வாசகி, அனுப்பானடி

கூச்சப்பட ஒன்றுமில்லை, பெண்கள் பயணம் போவதா வேண்டாமா என்று முடிவு செய்வதே பெரும்பாலும் இதை வைத்துத்தான். வண்டிக்குள்ளேயே சிறிய கழிவறை இருக்கும். அதற்குக் கீழே, வெளிப்பக்கமாக உருவி எடுக்கக்கூடிய ஒரு பெட்டி. நாற்றம் வராமலிருக்க அதில் மருந்து நீர் ஊற்றுவார்கள். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை அந்தப் பெட்டியை உருவி, கேரவன் முகாம்களில் இதற்கென்றே இருக்கும் தொட்டியில் கொட்டி, கழுவி, மறுபடி பொருத்த வேண்டும். கையுறை போட்டுக்கொண்டால் பத்து நிமிட வேலை. காட்டிலோ ஆற்றோரத்திலோ கொட்டுவது குற்றம்.

முகாமுக்குள் சுத்தமான பொதுக் கழிவறையும் வெந்நீர்க் குளியலறையும் இருப்பதால், தங்கும் நாட்களில் அவற்றையே பயன்படுத்தலாம். வண்டிக்குள் இருப்பது இரவு நேரத்துக்கும் வயதானவர்களுக்கும். பெட்டியைக் கழுவும் வேலையைக் கிளம்பும் முன்பே முறை வைத்துப் பிரித்துவிடுங்கள், வண்டி ஓட்டுகிறவர் உட்பட. சமையலும் அம்மா, பாத்திரமும் அம்மா, இதுவும் அம்மா என்றால், அந்த அம்மா வீட்டிலேயே இருந்துவிடுவார்.